படத்தில் நின்றுபோன முகம்

காது கேளாத பிள்ளைக்குத் தாயின் முகம்தான் குரல் என்று தங்கபுஷ்பத்துக்கு முதன்முதலில் சொன்னது ரெஜினா டீச்சர், ஜெபசிங்கைப் பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் சேர்த்த அன்று, சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஜூன் மாதத்துக் காலையில். கையை நீங்க எப்படி வேணும்னாலும் ஆட்டுங்கம்மா, முகத்தைச் சும்மா வச்சுக்கிட்டு ஆட்டினா அவனுக்கு நீங்க முணுமுணுக்கிற மாதிரி இருக்கும், முகத்தைச் சுளிச்சா கத்துற மாதிரி இருக்கும், என்று டீச்சர் சொல்லிவிட்டுத் தன் முகத்திலேயே ஒரு கேள்வியையும் ஒரு சந்தோஷத்தையும் ஒரு கண்டிப்பையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த தங்கபுஷ்பம், பரீட்சைக்குப் படிக்கிறவள் போல, திசையன்விளைக்குத் திரும்பி வருகிற பேருந்தில் சன்னல் கண்ணாடியைப் பார்த்து அந்த மூன்று முகங்களையும் பழகிக்கொண்டே வந்தாள், எதிர்ச் சீட்டில் இருந்த பெண் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் வரைக்கும். அப்போது அது ஒரு பாடமாகத்தான் இருந்தது. அந்தப் பாடம் இத்தனை வருஷம் கழித்து இன்டர்நெட் வருகிற ஒரு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் தன்னை இப்படிக் கொண்டுவந்து உட்கார்த்தும் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானச் சாப்பாடு முடிந்து கழுவிக் கவிழ்த்த தட்டில் ஈரம் காயவில்லை, அதற்குள் டி.வி. மேசைக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெட்டியில் வரிசையாக விளக்குகள். மற்றதெல்லாம் பச்சையாய் எரிய, ஒன்று மட்டும் பச்சையும் இல்லாமல் அணையவும் இல்லாமல், அவ்வப்போது சிவப்பாக ஒரு துடிப்புத் துடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருந்தது, காய்ச்சல் விட்டுவிட்டதா இல்லையா என்று தெரியாத பிள்ளையின் நெற்றியைப் போல. நாலு மணிக்கு ஜெபசிங் கோயம்புத்தூரில் இருந்து வீடியோவில் வருவான். அவன் பக்கத்தில் கலைமதி இருப்பாள். அவளும் இவனைப் போலக் காது கேளாதவள். பம்ப்செட் கம்பெனியில் இவன் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறான், அவள் சுற்றி முடித்ததைச் சரிபார்க்கிறாள். நாலு மணிக்குள் இந்தப் பெட்டி சரியாக வேண்டும். ஆண்டவரே, இது ஒரு சின்னக் காரியம், உமக்குச் சின்னக் காரியம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பார்த்தது. போட்டோவில் பார்த்தது வேறு. பச்சைச் சுடிதார், காதோரத்தில் ஒரு ஹேர்பின், பெரிய கண்கள். இரண்டு கையையும் கூப்பினாள். தங்கபுஷ்பமும் கூப்பினாள். அந்த நேரம் பார்த்துத்தானா மாடியில் டேங்க் நிறைந்து சோவென்று சன்ஷேடில் கொட்ட வேண்டும்? அவள் பக்கவாட்டில் திரும்பி, "என்னங்க, மோட்டரை அணைங்க, தண்ணி போவுதுல்லா" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாள். அவ்வளவுதான். திரும்பி போனைப் பார்த்தபோது கலைமதி பாதிச் சிரிப்பில் இருந்தாள், ஜெபசிங் அவள் பக்கம் தலையைச் சாய்த்திருந்தான். எவ்வளவு அழகாக இருக்கிறார்கள் இரண்டு பேரும் என்று நினைத்து அவளும் சிரித்தாள். கையால் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்தப் பெண் அதே பாதிச் சிரிப்போடு இருந்தாள். வெட்கம் போலிருக்கிறது என்று இன்னும் நன்றாகச் சிரித்தாள். ஊர், அப்பா, அம்மா என்று ஒவ்வொன்றாகக் கையில் கேட்டாள். நின்றுபோன ஒரு படத்தோடு அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பக்கம் அதே நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் தங்கபுஷ்பத்தின் முகம் நின்றுபோயிருந்தது: வாய் அகலத் திறந்து, புருவம் நெரிந்து, கழுத்து நரம்பு புடைத்து. இங்கே இவள் ஒரு சிரிப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அங்கே அவள் ஒரு கத்தலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெபசிங்கின் மெசேஜ் வந்தது, அவன் எப்போதும் எழுதுகிற மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களாக. அம்மா ஏன் கோபம். கலை பயம். அழுகை. போய்விட்டாள். அவள் பதறிப்போய் மோட்டார், தண்ணீர், அப்பா என்று எழுதி அனுப்பினாள். அவனுக்குப் புரிந்தது. அவன் அம்மாவை அவனுக்குத் தெரியும். ஆனால் கலைமதி அதை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாளாம். எழுத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான், நான் முகத்தைப் பார்த்தேனே என்றாளாம். அவள் வீட்டில் ஒருத்தருக்கும் கையால் பேசத் தெரியாது. அக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவாள், அவ்வளவுதான் பேச்சு. எங்க அம்மா கையால் பேசும், முழுசாகப் பேசும் என்று ஜெபசிங் அவளிடம் பெருமையாகச் சொல்லிக் கூட்டிவந்து உட்கார்த்திய இடம் அது. இன்றைக்கு ஒரு தடவை மட்டும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்கா பார்த்த மாப்பிள்ளை.

"அணைச்சுப் போடுங்கம்மா முதல்ல," என்றாள் பியூலா. பூனாவில் இருக்கிற மூத்த மகள், சாதாரண போன் காலில். அதுவும் வெட்டி வெட்டித்தான் வந்தது, இந்த வீட்டுக்குள் செல்போன் டவர் சரியாகப் பிடிக்காது, மாடியில் போனால் பேச்சு வரும், படம் வராது, அதனால்தானே இந்தப் பெட்டியையே வாங்கி வைத்தது. "சுவிட்சை அணைச்சுட்டு உடனே போட்டுராதீங்க. அரை நிமிஷமாவது இருக்கணும்." அரை நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்க்கத் தங்கபுஷ்பத்துக்குப் பழக்கமில்லை. முட்டை வேகிறதும் இட்லி வேகிறதும் அவளுக்கு ஜெபக் கணக்குத்தான். சுவிட்சை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்து, நடுவில் பூனாவில் இருக்கிற பேரன் சளிக்காகவும், எதிர்வீட்டு டாரிஸின் முட்டுவலிக்காகவும், கலைமதியின் அக்காவுக்காகவும் கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். "எம்மா, தூங்கிட்டீங்களா?" "ஆமென்னு இப்பதான் மக்கா சொன்னேன். போடட்டுமா?" போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. அந்த ஒன்று மட்டும் யோசித்தது. பச்சை வந்தது, ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சிவப்பாக ஒரு துடிப்பு. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது பியூலா போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள், தொட்டால் ஒரு முள் எழும்பி வேகம் எவ்வளவு என்று காட்டும், எம்மா, நூறு காட்டணும் என்று. தங்கபுஷ்பம் தொட்டாள். முள் ஏறப்போவது போல உடம்பை அசைத்தது, அப்புறம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. "வேற யாராவது நெட்டு இழுக்கிறாங்களா பாருங்க. அப்பா என்ன பண்ணுதாங்க?" அப்பா என்ன பண்ணுவார், உள்ளறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கிரிக்கெட் பார்க்கிறார். "என்னங்க, அதைக் கொஞ்சம் அணைங்க, நெட்டைக் குடிக்குதாம்." செல்லத்துரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கேட்டது போல நிதானமாகத்தான் திரும்புவார். "குடிக்கதுக்கு எங்கட்டி இருக்கு? பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்குனான், நான் போய்க் காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன், இன்னும் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கான்." ஆனாலும் அணைத்தார். எழுந்து வந்து முக்காலிக்குப் பின்னால் நின்று, பயணி இறங்கின சீட்டைப் பார்ப்பது போலப் பெட்டியைப் பார்த்தார். முள் மறுபடி படுத்துக்கொண்டது. "பெட்டிக்குக் கிட்டக்க உக்காந்து பாத்தீங்களா? வைஃபை பேரு ரெண்டு இருக்கும் பாருங்க, கடைசியில அஞ்சுன்னு இருக்கும், அதுல மாத்துங்க." மாற்றினாள். அஞ்சிலும் மூன்றுதான் காட்டியது. கஸ்டமர் கேரில் ஒரு பெண் தேன் மாதிரிக் குரலில் புகாரைப் பதிந்துகொண்டு, திங்கட்கிழமைக்குள் ஆள் வரும் மேடம் என்றாள். திங்கட்கிழமை. தங்கபுஷ்பம் அவளுக்கும் நன்றி சொன்னாள், நல்லா இரும்மா என்றாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

நன்றி சொல்வதுதான் அவளுக்கு எப்போதும் முதலில் வருகிறது, வலிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே. ஜெபசிங் பிறந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, கோயில் வாசலில் சரம் சரமாக வெடி வெடித்துப் புகை மண்டி, மற்றப் பிள்ளைகளெல்லாம் வீறிட்டு அழ, இவன் மட்டும் வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு சமத்துப் பிள்ளை என்று பெண்களெல்லாம் கன்னத்தைத் தடவினார்கள். அவளும் சமத்துப் பிள்ளையைக் கொடுத்தீரே என்று ஸ்தோத்திரம் சொன்னாள். அந்த ஸ்தோத்திரத்தை என்ன செய்வது? பிறகு தெரிந்தபோது அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா? வாங்கிக்கொள்ளவில்லை அவள். அது அவர் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விடுதியில் விட்டுவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கு உள்ளே நின்று அவன் கையால் பேசிக்கொண்டே இருப்பான், பஸ் கிளம்பி, திரும்பி, மரம் மறைக்கிற வரைக்கும். எல்லாத் தாய்களும் கையசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், இவளுக்கும் இவனுக்கும் மட்டும் பேச்சு பஸ்ஸோடு கூடவே வரும். அது ஒரு கொடுப்பினைதானே. ஆனால் அவன் கோயம்புத்தூர் போன பிறகு பேச்சே நின்றுவிட்டது. டாரிஸ் வீட்டில் மகனோடு மணிக்கணக்காகப் போனில் பேசுகிற சத்தம் சாயங்காலம் சன்னல் வழியாக வரும், குழம்பு வைத்தியா, வெயில் எப்படி என்று ஒன்றுமில்லாத பேச்சு. அந்த ஒன்றுமில்லாத பேச்சுக்குத்தான் அவள் ஏங்கினாள். மெசேஜில் ஒன்றுமில்லாததை எழுத முடியாது. சம்பளம் வந்தது, காய்ச்சல் இல்லை, ஊருக்கு வெள்ளி. அவ்வளவுதான் எழுதுவான். கை பேசுகிறபோது அவன் எப்படிப்பட்டவன்! சூப்பர்வைசர் நடக்கிற நடையைச் செய்து காட்டுவான், கேன்டீன் சாம்பாரில் கத்திரிக்காயைத் தேடுகிறதைச் செய்து காட்டுவான், வயிறு வலிக்கச் சிரிப்பாள் அவள். அந்தப் பிள்ளை எழுத்துக்குள் வரும்போது தந்தி ஆகிவிடுவான். இந்தப் பெட்டி வந்த அன்று, அது போன ஆடி மாதம், அடுப்பில் இடியாப்பம் வெந்துகொண்டிருக்க, போனை மிளகாய் டப்பாவில் சாய்த்து வைத்தாள். சமையலறைக்குள் அவன் கைகள் வந்தன. விரல் நுனியில் காயில் கம்பி கிழித்த கோடு வரைக்கும் தெரிந்தது. கொண்டையைத் தொட்டுக் காட்டினான். அது அவர்கள் வீட்டில் அம்மா. அப்பா என்றால் வாயில் விசில் வைப்பது, அக்கா என்றால் பின்னலை இழுப்பது. அம்மா என்ன சமையல், என்று கேட்டான். என்ன சமையல்! அன்றைக்கு இடியாப்பம் அடிப்பிடித்தது. அடிப்பிடித்த வாசனையோடேயே நின்று ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதாள். எங்கேயோ கடலுக்கடியிலும் மண்ணுக்கடியிலும் யார் யாரோ குழி தோண்டி, யார் யாரோ ஒயர் இழுத்து, முகம் தெரியாத எத்தனை பேர் வேர்த்து, கடைசியில் என் பிள்ளையின் கை என் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டதே. அவர்கள் எல்லாருக்காகவும் அன்று ராத்திரி ஜெபித்தாள், பேர் தெரியாததால் ஒயர் இழுத்தவர்கள் என்று சொல்லியே ஜெபித்தாள்.

சிவப்பு ஒரு துடிப்பு. மூன்று மணி தாண்டிவிட்டது, சன்னல் வெயில் தரையில் ஒரு டைல்ஸ் நகர்ந்திருந்தது. பியூலா லைன் கட்டாகிப் போயிருந்தாள், திரும்ப வருவாள். நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது இப்போதுதான் வரவேண்டுமா? அந்த முகம் மோட்டாருக்காக மட்டும்தானா புஷ்பம்? கிறிஸ்துமஸுக்கு ஜெபசிங் வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, போனில் கலைமதி படத்தைக் காட்டியபோது முதலில் கண்ணில் பட்டது அவள் நெற்றிப் பொட்டுதான். தங்கபுஷ்பம் சிரித்தாள், அழகாக இருக்கிறாள் என்று கையில் சொன்னாள்; ஆனால் மார்புக்குள் ஏதோ ஒன்று ரவிக்கைக் கொக்கி இறுக்கினது போல இறுக்கியது. சபையில் என்ன சொல்வார்கள், பெண்கள் சங்கத்தில் டாரிஸ் எப்படிப் பார்ப்பாள், கல்யாணம் எங்கே, எந்த முறை. ஒரு வாரம் அந்த இறுக்கத்தோடு நடந்தாள். யாருக்கும் தெரியாது. ஜெபசிங்குக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் இந்தப் போன்கள் மனுஷர் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பிடிக்கிறதாமே, தோலுக்குள் இருப்பதைப் படம் எடுக்கிற மிஷின் ஆஸ்பத்திரியில் இருக்கிறதே. ஒருவேளை அந்த இறுக்கம் எங்கேயாவது ஒரு ஓரத்தில், புருவத்துக்கு நடுவில், மிச்சம் இருந்து, அதைத் தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்திலேயே படம் நின்றிருந்தால்? கோபம் இல்லை என்று இன்றைக்கு எந்த முகத்தை வைத்துச் சொல்வது? அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தாள். ரெஜினா டீச்சர் சொன்ன சந்தோஷத்தை வைத்துப் பார்த்தாள், அது கல்யாண ஆல்பத்தில் இருக்கிற சித்திமார் சிரிப்பு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டாள். "என்னட்டி, பவுடர் போடுதியா?" என்றார் செல்லத்துரை. "போடு போடு. நெட்டு வரலைன்னாலும் முகமாவது பளிச்சுன்னு நிக்கும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷனுக்காகவும் ஸ்தோத்திரம். நெற்றிப் பொட்டைப் பற்றி அவரிடம் சொன்னபோது, ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு இவன் பேச்சு கேக்குல்லா, நமக்கு அதுக்கு மேல என்ன வேணும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய் மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினவர்.

போன் அடித்தது. "எம்மா, டவர் கட்டாயிட்டு. இப்ப நான் சொல்லுததைக் கவனமா கேளுங்க. இந்தத் தொல்லை எப்ப இருந்து?" தங்கபுஷ்பம் யோசித்தாள். "நீங்கல்லாம் ஊருக்குப் போன பிறகுதான் மக்கா. புது வருஷம் பிறந்த பிறகு. முதல்ல லேசா இருந்தது, இப்ப ரொம்ப முத்திட்டு." "சரி. வெளிய இருந்து மெல்லிசா ஒரு ஒயர் வந்து பெட்டிக்குள்ள போகும்லா, அது எங்கயாவது மடங்கியிருக்கா, நசுங்கியிருக்கா பாருங்க." "மடங்கவே இல்ல மக்கா. சன்னல்ல இருந்து பெட்டி வரைக்கும் கொடி கட்டுன மாதிரி நேரா இருக்கு. அட்டை தொங்கியும்கூட அப்படித் தொய்யல." "என்ன அட்டை?" "வாக்குத்தத்த அட்டைதான்." டவர் மறுபடி போய்விட்டதோ என்று தங்கபுஷ்பம் போனை எடுத்துப் பார்த்தாள். "எம்மா. ஒயர்லயா தொங்க விட்டிருக்கீங்க?" "பின்ன எங்க தொங்கவிட? எப்பவும் நூல் கட்டுத ஆணி ரெண்டையும் அந்த ஒயர் இழுக்க வந்த ஆளு பிடுங்கிட்டாம்லா. புதுசா ஆணி அடிச்சா சுவர் உதிருதுன்னு அப்பா சொன்னாங்க. இது நூல் மாதிரி இருந்துச்சு." "எதை வச்சு மாட்டினீங்க?" "துணிக் கிளிப்பு." பியூலா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எம்மா, அது கம்பி இல்ல. உள்ளே கண்ணாடி. தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி. அதுக்குள்ள வெளிச்சம்தான் ஓடும். கிளிப்பு கடிக்கிற இடத்துல, வளையுற இடத்துல வெளிச்சம் வெளிய சிந்திரும். மிச்சம் இருக்கதுதான் உங்களுக்கு வந்து சேருது." செல்லத்துரை பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். "கர்த்தருடைய வாக்கு கனமானதுன்னு பாஸ்டர் ஐயா பிரசங்கத்துல சொன்னாரு. நான் கவனிக்கல." "நீங்க சும்மா இருங்க."

வருஷப்பிறப்பு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு அட்டை, கண்ணை மூடிக்கொண்டு தாம்பாளத்தில் இருந்து எடுப்பது. அந்த வருஷத்துக்கு அவர்களுக்கென்று ஆண்டவர் சொன்ன வசனம். வர முடியாத பிள்ளைகளுக்கும் தாய்தான் எடுப்பாள். எடுத்ததை வருஷம் முழுக்க ஹாலில் கண்படுகிற இடத்தில் மாட்டி வைப்பது அவள் தாய்வீட்டில் இருந்தே உள்ள பழக்கம். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். செல்லத்துரை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கை போகவில்லை முதலில். வாக்குத்தத்தத்தைப் பாதி வருஷத்தில், அதுவும் இன்றைக்கு, அதுவும் இந்த நேரத்தில் இறக்கலாமா? ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ? பிறகு, தன் சத்தமே தனக்குக் கேட்கிற மாதிரி, அவர் என்ன டாரிஸா என்று நினைத்துக்கொண்டாள். செல்லத்துரையின் அட்டை. கிளிப்பைத் திறந்தபோது ஒயர் லேசாக ஒரு மூச்சு விட்டு எழுந்தது. பியூலா குடும்பத்துக்கு எடுத்தது. ஜெபசிங்குடையது. அவளுடையது. ஐந்தாவது அட்டைக்கு வந்தபோது ஸ்டூலிலேயே நின்றுவிட்டாள். அது சன்னல் சட்டத்தை ஒட்டி, ஒயர் உள்ளே நுழைந்து திரும்புகிற மூலையில் இருந்தது. மற்ற நாலுக்கும் இடம் கொடுத்தது போக அங்கேதான் இடம் இருந்தது. திருப்பத்திலேயே கிளிப் கடித்ததில் ஒயர் ஊசிமுனை போல மடிந்திருந்தது. அந்த அட்டையின் பின்புறம் பெயர் எழுதவில்லை. வருஷப்பிறப்பு அன்று எல்லாருக்கும் எடுத்து முடித்துவிட்டுத் தாம்பாளத்தின் முன்னால் நின்று, இன்னொண்ணு எடுத்துக்கிடட்டுமா ஐயா என்று பாஸ்டரிடம் கேட்டாள். யாருக்கு என்று அவர் கேட்டதற்கு, வீட்டுக்கு வரப்போற மருமகளுக்கு என்றாள். வரிசை பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துத் தாம்பாளத்தை நீட்டினார். ஒரு வாரமாக மார்புக்குள் இறுக்கிக்கொண்டிருந்தது எப்போது விட்டது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அந்த அட்டையை எடுக்கக் கை நீட்டினபோது அது இல்லை. சத்தியமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவோ முன்னால். அந்த முகம் மோட்டாருக்குத்தான், ஆண்டவரே, தண்ணீருக்குத்தான். அவள் கிளிப்பை இரண்டு விரலால், முள்ளெடுக்கிற மாதிரி எடுத்தாள். மூலையில் மடிந்திருந்த ஒயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை நிமிர்த்திக்கொண்டது. "ஏட்டி, விளக்கைப் பாரு," என்றார் செல்லத்துரை. அவள் ஸ்டூலில் இருந்தபடியே பார்த்தாள். பச்சை. இன்னும் பார்த்தாள். சிவப்பு வரவில்லை. இறங்கி வந்து முள்ளைத் தொட்டாள். அது எழுந்தது, பத்து, முப்பது, அறுபது என்று ஏறியது, அவள் ஏறு ராசா ஏறு என்றாள், தொண்ணூற்றைத் தாண்டி நின்று லேசாக நடுங்கியது. ஐந்து அட்டையும் மடியில் கிடந்தன. "எம்மா, என்னாச்சு? எம்மா?" என்று பியூலா கத்திக்கொண்டிருந்தாள். வைச்சிருதேன் மக்கா, நாலாகப் போகுது, நீ நல்லா இருப்பே என்று மட்டும் சொன்னாள்.

மோட்டார் சுவிட்சைப் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தாள். அணைந்துதான் இருந்தது. போனை டி.வி.யில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கினாள்: போன ஞாயிறு, தண்ணீர், நான் கத்தினது அவரை, ஒயர், கண்ணாடி, அட்டை. இதில் பாதிக்குக் கையே கிடையாது. அவளும் ஜெபசிங்கும் பேசுவது வீட்டுக் கை, அந்தப் பெண் படித்தது பள்ளிக்கூடத்துக் கை. போன் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. தொட்டாள். ஜெபசிங். பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள் போலக் கலைமதி. இன்றைக்குக் கை கூப்பவில்லை. பெரிய கண்கள் நேராகத் தங்கபுஷ்பத்தின் முகத்தில் இருந்தன, எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டரைப் போல. தங்கபுஷ்பம் கையைத் தூக்கினாள். தண்ணீர் என்றாள். மேலே என்றாள். கலைமதி புரியாமல் ஜெபசிங்கைப் பார்த்தாள், அவன் கையால் ஏதோ சொன்னான், அவள் திரும்பினாள், முகம் மாறவில்லை. அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துபோனது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கிறதற்குள் தங்கபுஷ்பம் பக்கவாட்டில் திரும்பினாள், வாயை அகலத் திறந்தாள், புருவத்தை நெரித்தாள், கழுத்து நரம்பு புடைக்க அப்படியே நின்றாள். கண்ணைக்கூட அசைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முகம். செல்லத்துரை, "என்னட்டி ஆச்சு?" என்று பதறி ஓடிவந்தார், அவர் வயிறும் பனியனும் படத்துக்குள் நுழைந்தன. அவள் அப்போதும் அசையவில்லை. பிறகு மெல்ல அந்த முகத்தைக் கழற்றினாள், ஒவ்வொரு கொக்கியாக. திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். எந்த முகத்தை வைக்கிறது என்று யோசிக்காமல் பார்த்தாள். கலைமதியின் கண்கள் இன்னும் பெரிதாயின. கையை வாயில் பொத்தினாள். பொத்தின கைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது, அடக்காத சத்தம், தனக்குச் சத்தம் இருக்கிறது என்று தெரியாத ஒருத்தியின் சிரிப்பு. ஹால் முழுக்க அடித்தது அது, செல்லத்துரை போனைத் திரும்பிப் பார்த்தார். ஜெபசிங் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். கலைமதி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்தாள், போனுக்கு முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள், கையை ஏதோ சொல்லப்போவது போல உயர்த்தினாள், அப்படியே நின்றுவிட்டாள். தங்கபுஷ்பம் காத்திருந்தாள். விரல்கள் அந்தரத்தில் நின்றன. ஜெபசிங்கும் அசையவில்லை. இரண்டு பேரும் அசையவில்லை. ஐயோ, ஆண்டவரே, இப்பவா, என்று பெட்டியைப் பார்த்தாள், பச்சையாகத்தான் எரிந்தது, சன்னல் மூலையைப் பார்த்தாள், முள்ளைத் தொடலாமா, தொட்டால் லைன் போய்விடுமா? போனைப் பார்த்தாள். கலைமதியின் ஒரு பக்கக் கன்னம் துடித்தது. உதட்டோரம் பொறுக்க முடியாமல் வெட்டியது. அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக உடைந்து சிரித்தார்கள், அந்தப் பெண் ஜெபசிங்கின் தோளில் அடித்துக்கொண்டே சிரித்தாள். தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், சிரித்தாள், நெஞ்சில் கை வைத்துப் படபடப்பைக் காட்டினாள். பிறகு விரல் இரண்டையும் தன் இமைக்குப் பக்கத்தில் வைத்து மூடித் திறந்து, அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்: பயந்துட்டேன் மகளே. இனிமே பேசாம இருந்தாலும் பரவாயில்ல, கண்ணை மட்டும் சிமிட்டிக்கிட்டே இரு.